இளவரசன் தலையும் ஏழு தலைமுறைக் குல்லாயும்

முன்னொரு காலத்தில், அரசனுடைய தலையைச் சுற்றி அளவு நூல் வைப்பது பெருங்குற்றம் என்று சட்டம் செய்திருந்த ஒரு நாடு இருந்தது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கண்ணியமான ஒரு குலத்தின் வீட்டு விஷயத்தைப் பேசும்போது ஊர், பேர் எல்லாவற்றையும் தெருவில் பரப்புவது முறையல்ல. அரசரின் பெயர் நன்னிவர்மர் என்பது தெரிந்தால் போதும்.

நன்னிவர்மருக்கும் அரசி அலர்மேல்நங்கைக்கும் மணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நிறம், மூக்கு, விரல் எல்லாம் எழுதி வைத்தது போல இருந்தன. தலை மட்டும் சற்றுப் பெரியது. சற்று என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். உறவினர் வீடுகளிலிருந்து பதினான்கு பட்டுத் தொப்பிகள் சீராக வந்தன. பதினான்கும் குழந்தையின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒன்றுகூடக் காதுவரை இறங்கவில்லை. குப்புறப் படுக்க வைத்தால் குழந்தை தலையைத் தூக்கும், ஒரு கணம் சுற்றிலும் பார்க்கும், பாரம் தாங்காமல் மறுபடி மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். தாதிகள் சிரிப்பார்கள். அரசிக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்தும்.

அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டர் வந்து பார்த்தார். உச்சிக்குழியைத் தொட்டார். கண்ணெதிரே விளக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினார். முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினார். "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, தாயே. தலை பெரியது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். மருந்தே கொடுக்காத வைத்தியரை எந்தத் தாய் நம்புவாள்? அரசி நம்பவில்லை. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நூல் எடுத்துக் குழந்தையின் தலையைச் சுற்றி, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நேற்றைய நூலோடு வைத்துப் பார்ப்பாள்.

அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. வம்சத்தின் முதல் அரசர் குழந்தைப் பருவத்தில் அணிந்தது என்று சொல்லப்பட்ட பொற்குல்லாய் ஒன்று கருவூலத்தில் இருந்தது. வெளியே பொன், உள்ளே வெண்பட்டு. பட்டத்துப் பிள்ளைக்கு ஓராண்டு நிறையும் நாளில், சபை நடுவே அவன் உச்சியில் வழிய வழிய எண்ணெய் வைத்து, துடைக்காமல், அந்தக் குல்லாயைச் சூட்டுவார்கள். சூடியவனே இளவரசன். அந்தக் குல்லாயில் சுத்தியல் படக்கூடாது, ஊசி படக்கூடாது.

அதைக் காத்துவந்தவர் பிரதானி மகிழ்மாறர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நன்னிவர்மருக்கு அதைச் சூட்டியவரும் அவரே. அன்றைய சபையில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் இன்னும் உயிரோடு இருந்தார். அவருடைய மகள் அரசரின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகன். அந்தப் பிள்ளையின் தலை தாய்வழித் தலை, எலுமிச்சம்பழம் போல அடக்கமாக இருக்கும். பிரதானியின் மனக்கணக்கு என்னவென்று இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரதானி சபையில் எழுந்து நின்றார்.

"மன்னர் பெருமானே, சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆனாலும் மரபைக் காப்பது என் கடமை. குல்லாயையும் பார்த்தேன், குழந்தையையும் பார்த்தேன். பொருந்தாது. பொருந்தாவிட்டால், அடுத்த உரிமை தங்கள் தம்பியாரின் மகனுக்குப் போகிறது."

அரசரின் முகம் சிவந்தது. "வழி சொல்லுங்கள்!" என்றார்.

"எனக்கு வழி தெரியாது, அரசே. இங்கே எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே! முடியாதது எதுவும் இல்லை என்று நேற்றுக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாரே, நம் விகடகவி கூத்தபிரான்!"

விகடகவி கூத்தபிரான் அப்போது தூணோரம் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "நான் சொன்னது தங்கள் வீட்டுச் சமையல்காரர் அவியலில் போட முடியாதது எதுவும் இல்லை என்று, பிரதானியாரே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பற்றிய கவலை அரசருக்கு அறிவை மறைத்திருந்தது. "கூத்தபிரான்! விழாவன்று குல்லாய் என் மகனுக்குச் சூட்டப்பட வேண்டும். குல்லாயையும் தொடக்கூடாது, குழந்தையின் தலையையும் தொடக்கூடாது. முடியாவிட்டால் அன்றே நாட்டைவிட்டுப் போய்விடு!"

"உத்தரவு, அரசே. ஒரே ஒரு விளக்கம் வேண்டும். குல்லாய் எப்படி இருக்க வேண்டும்? காதை மூட வேண்டுமா, நெற்றியில் நிற்க வேண்டுமா?"

"என் முன்னோருக்கு எப்படிச் சூட்டினார்களோ, எனக்கு எப்படிச் சூட்டினார்களோ, அப்படியே! நூலளவு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"இதை ஓலையில் எழுதி முத்திரை வைத்துவிட்டால் அடியேன் மறக்காமல் இருப்பேன்."

எழுதி முத்திரை வைத்தார்கள். பிரதானி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் கூத்தபிரான் அந்தப்புரத்துக்கு அழைக்கப்பட்டார். அரசி கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். எதிரில் முடிச்சுப் போட்ட நூல்கள் ஒரு தட்டு நிறைய.

"இந்த மாதம் அரை விரல் கூடியிருக்கிறது, கூத்தபிரான். அரசருக்கு இது தெரியாது. தெரிந்தால் மனம் உடைந்துபோவார்."

"தாயே, இளவரசர் பால் குடிக்கிறாரா?"

"இரண்டு தாதிகள் போதவில்லை."

"பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாரா?"

"நான் அடுத்த அறையில் இருமினாலே திரும்புகிறான். தவழ்கிறான். நேற்று என் காதுத் தோட்டைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டான். ஆனாலும் தலை..."

கூத்தபிரான் குனிந்தார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. "ஐயோ, விடச் சொல்லுங்கள் தாயே! பிடி அரசருடைய பிடியேதான்!" என்று அவர் அலறியதில் அரசி பல நாளைக்குப் பிறகு சிரித்துவிட்டாள்.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் அரசர். அவர் கூத்தபிரானை ஓரமாக அழைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் தினமும் ஆசி கூறுவது போல அவன் தலையில் கை வைக்கிறேன். என் விரல் நுனி போன மாதம் காதைத் தொட்டது. இப்போது எட்டவில்லை. தேவிக்கு இது தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டாள். ஏதாவது செய், கூத்தபிரான். பட்டம் போனால் போகட்டும். நாலு பேர் என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது."

கூத்தபிரான் ஒன்றும் சொல்லாமல் வணங்கினார். பெரிய வீட்டு ரகசியம் இரண்டு காதில் இரண்டு பக்கமாக விழுந்தாலும் வாயைத் திறக்காதவனே மனிதன்.

அடுத்து அவர் கருவூலத்துக்குப் போனார்.

"தொடாதே!" என்றார் பிரதானி. "பார்ப்பதானால் கையைக் கட்டிக்கொண்டு பார்."

கூத்தபிரான் கையைக் கட்டிக்கொண்டார். குல்லாய் கவிழ்த்து வைத்திருந்தது. பிரதானி அதை மல்லாத்திக் காட்டினார். விகடகவி நெடுநேரம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடடா! என்ன வெண்மை! கொக்கு இறகு போல அல்லவா இருக்கிறது பட்டு!"

"நான் காக்கும் பொருள். அழுக்குப் படுமா?"

"இடையில் எப்போதாவது பட்டை மாற்றியிருப்பீர்கள். துவைத்தாவது இருப்பீர்கள்."

பிரதானிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன பேச்சு இது! ஊசி படாத பொருளில் பட்டை எப்படி மாற்றுவது? ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இதில் பட்டதில்லை. முதல் அரசர் காலத்தில் தைத்த அதே பட்டு!"

"தங்களைப் போல ஒருவர் இருப்பதால்தான் மரபு பிழைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கூத்தபிரான் வீட்டுக்குப் போய், ஒன்பது நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

விழா நாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. அரசியின் மடியில் குழந்தை. பக்கத்திலேயே எலுமிச்சம்பழத் தலைப் பேரனும் பட்டு உடுத்தித் தயாராக நின்றான். பிரதானி முன்னேற்பாட்டில் குறை வைப்பவரல்ல.

"எங்கே, விகடகவியாரே? மூட்டை கட்டியாகிவிட்டதா?" என்று அவர் கேட்டார்.

"கட்டிவிட்டேன், பிரதானியாரே. அதற்குமுன் அரசர் உத்தரவை நிறைவேற்ற வேண்டும். குல்லாயை முன்னோருக்குச் சூட்டியபடியே சூட்ட வேண்டும் என்று முத்திரை ஓலை சொல்கிறது. அரசருக்குச் சூட்டிய கை தங்கள் கை. அன்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள், நாங்கள் அதேபோலச் செய்கிறோம்."

பிரதானிக்கு அந்தக் கதையைச் சொல்வதில் எப்போதும் பெருமை. நாற்பது ஆண்டாகச் சொல்லிவருவது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்று நான் ஒரு ஆழாக்கு நல்லெண்ணெய் எடுத்தேன். அரசர் பெருமானின் உச்சியில் வைத்தேன். நெற்றியில் வழிந்தது, காதில் வழிந்தது. துடைக்கவில்லை. அப்படியே குல்லாயைச் சூட்டினேன். அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்ந்தது! சபை கைதட்டியது."

"அவருக்கு முன் அவர் தந்தையாருக்கு?"

"அதே போல. ஏழு தலைமுறைக்கும் அதே போல."

"ஏழு தலைமுறைக்கு ஏழு ஆழாக்கு எண்ணெய்" என்றார் கூத்தபிரான். "பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் போகுமா, பிரதானியாரே?"

"போகவே போகாது."

"பட்டை யாரும் மாற்றவில்லை, துவைக்கவில்லை என்று சொன்னீர்கள்."

"இப்போதும் சொல்கிறேன்."

"அப்படியானால் அந்தக் குல்லாயின் உட்புறத்தைச் சபைக்குச் சற்றுக் காட்டுங்கள்."

பிரதானி குல்லாயை மல்லாத்தினார். உள்ளே பார்த்தார். கை நின்றுவிட்டது. வெண்பட்டு வெயிலில் காய்ந்த உப்பு போல மின்னியது. ஒரு பொட்டுக் கறை இல்லை. முதல் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் முன்வரிசையின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"அரசே," என்றார் கூத்தபிரான் அடக்கமாக, "பிரதானியார் ஒன்று தங்கள் உச்சியில் எண்ணெய் வைக்காமல் சடங்கைக் கெடுத்திருக்க வேண்டும். அல்லது குல்லாய் தங்கள் தலையைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று அவர்தான் சொல்ல முடியும்."

சடங்கைக் கெடுத்தவனுக்கு அந்த நாட்டில் தண்டனை பெரியது. பிரதானி குல்லாயோடு அப்படியே மண்டியிட்டார்.

"மன்னிக்க வேண்டும், பெருமானே! எண்ணெய் வைத்தேன், சத்தியம். குல்லாய்தான்... அது இறங்கவில்லை. தங்கள் தந்தையார் என் காதோடு சொன்னார், 'மேலே பிடித்துக்கொள், பொருந்துகிறது என்று உரக்கச் சொல்' என்று. உச்சிக்கு இரண்டு விரல் மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன் குல்லாய் காத்தவரும் அதையேதான் செய்தாராம். அவருக்கு முன் இருந்தவரும். எந்தப் பிள்ளைக்குமே அது பொருந்தியதில்லை!"

அரசரின் கை மெல்லத் தன் மணிமுடியை நோக்கிப் போய், பாதியில் நின்றது. நூல் படாத தலை அது. முடி செய்யும் தட்டார்கள் கண்ணளவாகவே செய்து, தாராளமாகவே செய்து, வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அரசி அப்போதுதான் பேசினாள்.

"பிரதானியாரே, உண்மையைச் சொல்லுங்கள். ஒரு வயதில் எங்கள் அரசரின் தலை எப்படி இருந்தது?"

பிரதானி அரசரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"தாயே... அதற்கு இளவரசர் தலை எவ்வளவோ தேவலை."

அரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அரசர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓராண்டுக் கவலை முழுவதும் கண்ணீராக வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அரசருக்கும் பொறுக்கவில்லை. சிங்காதனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அரசர் சிரித்தபின் சபை சிரிக்கத் தடையேது? வைத்தியர் நஞ்சுண்டர் மட்டும் சிரிக்காமல், "நான் அன்றே சொன்னேன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் மூன்று தடவை சொன்னார்.

"அப்படியானால் இந்தத் தலை எங்கள் குலத்தின் தலை!" என்று அரசர் குழந்தையை வாங்கித் தூக்கிக் காட்டினார். கைகொட்டல் ஓய்ந்ததும் குரல் மாறியது. "பிரதானியாரே, என் தலைக்கு மேலே பிடித்த குல்லாயை என் மகன் தலைக்கு மேலே பிடிக்கத் தங்களுக்கு ஏன் கை வரவில்லை?"

ஒரு குலத்தின் மானத்தைக் காக்கச் சொன்ன பொய்யை மன்னிக்கலாம். அந்த மானத்தைக் குலைக்க அதே பொய்யை ஒளித்து வைத்ததை யார் மன்னிப்பார்?

"குல்லாய் காக்கும் பதவி இனி தங்களுக்கு இல்லை. இன்றைய கடமையை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள். உத்தரவு முத்திரை ஓலையில் இருக்கிறது. நூலளவு கூடாமல், குறையாமல்!"

எண்ணெய் வைத்தார்கள். குழந்தையின் நெற்றியிலும் காதிலும் வழிந்தது. பிரதானி குல்லாயை உச்சிக்கு இரண்டு விரல் மேலே பிடித்துக்கொண்டு, "பொருந்துகிறது! வாழ்க இளவரசர்!" என்று உரக்கச் சொன்னார். முதலில் வணங்கியவரும் அவரே. பேரனும் தாத்தாவைப் பார்த்துக் கைகூப்பினான், நல்ல பிள்ளை.

"கூத்தபிரான்," என்றார் அரசர் இன்னும் சிரிப்பு அடங்காமல், "சபை நடுவே என் தலையைப் பற்றி இவ்வளவு பேச்சு நடந்தது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை பார், அதற்காகவே பரிசு தருகிறேன். ஆற்றங்கரையில் ஒரு கிராமம் உனக்கு. என் கழுத்து முத்துமாலையும் உனக்கு. இன்னொன்றும் உண்டு. இன்றுமுதல் எங்கள் குலத்துப் பிள்ளைகளின் தலைக்கு மேலே இந்தக் குல்லாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உரிமை உன் வம்சத்துக்கு!"

"பெரும் பாக்கியம், அரசே" என்றார் கூத்தபிரான். "ஒரே வேண்டுகோள். குழந்தைகள் மீசைக்கு எட்டாதபடி எங்களுக்கு ஒரு முக்காலி வேண்டும்."

அரசர் மறுபடியும் சிரித்தார். சந்தன மரத்தில் ஒரு முக்காலி செய்து கொடுத்தார்கள். அதன்பின் எத்தனையோ இளவரசர்கள் பிறந்தார்கள். எத்தனையோ விழாக்கள் நடந்தன. கூத்தபிரானின் வம்சத்தார் ஒவ்வொரு முறையும் அந்த முக்காலியில் ஏறி நின்று, கை வலிக்கக் குல்லாயைப் பிடித்து, உள்பட்டில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் இறங்கினார்கள். எந்தப் பிள்ளையின் தலை எவ்வளவு இருந்தது என்று அவர்களில் ஒருவரும் வெளியே சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.