மட்டம் பார்த்த கதை

பள்ளிக்கூடம் கெட்டது ஒரே ஒரு சொல்லால்.

முன்னொரு காலத்தில் மல்லையூரை வீரபூபதி என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் அரண்மனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மட்டம் பார்த்துச் சொல்லும்படி ஏகாம்பரப் பண்டிதருக்கு உத்தரவு போட்டான். பண்டிதர் பரீட்சை வைத்தார். தேறாதவர்கள் நெற்றியில் கரியால் 'மட்டம்' என்று எழுதி, இனி வராதே என்று விரட்டினார். மட்டம் பார்க்கச் சொன்னால், மனுஷன் மட்டம் தட்டிவிட்டார்.

தோட்டக்காரன் மகள் செம்பி, கரி நெற்றியோடு அழுதுகொண்டு போனதை மந்திரி பெருஞ்சாத்தன் பார்த்தார். அப்பனோடு மல்லுக்கட்டிப் படிக்க வந்த பெண். இப்போது வீட்டுக்குப் போனால் போனதுதான், மறுபடி அனுப்ப மாட்டான்.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. சபையில் வாதாடினார். பண்டிதருக்கோ மந்திரிமேல் எப்போதும் ஒரு காய்ச்சல். மந்திரி வரி வசூலைப் பார்த்தால் போதும், படிப்பைப் படித்தவன் பார்த்துக்கொள்வான் என்றார். ராஜா சிரித்துவிட்டான்.

சரி, வாயால் ஆகாது.

பண்டிதர் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். மந்திரி நேரே அங்கே போய், சுவரின் மேல்வரிசையில் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் விரற்கடை தாழ்வு. கரியை எடுத்து 'மட்டம்' என்று சுவரில் எழுதினார். கடப்பாரையோடு ஆட்களை வரவழைத்தார்.

பண்டிதர் தலைதெறிக்கச் சபைக்கு ஓடிவந்து முறையிட்டார். பின்னாலேயே மந்திரியும் வந்து நின்றார்.

"என்னய்யா இது?" என்றான் ராஜா.

"மட்டம் பார்த்தேன், மகாராஜா. தாழ்வாக இருக்கிறது. இடிக்கச் சொன்னேன்."

பண்டிதருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மட்டம் பார்ப்பது எதற்கு ஓய்? எங்கே தாழ்ந்திருக்கிறது என்று கண்டு தூக்கிக் கட்டத்தானே? இடிக்கவா பார்ப்பார்கள்?"

"செம்பி," என்றார் மந்திரி. அவ்வளவுதான் சொன்னார்.

ராஜாவுக்கு உறைத்தது. பண்டிதர் தலை குனிந்தது. எழுதின கையாலேயே எல்லா நெற்றியையும் துடைத்து, தாழ்வு எங்கே என்று கண்டுபிடித்துத் தூக்கிக் கட்டும்படி ராஜா உத்தரவு போட்டான். அதுவரை பண்டிதர் வீட்டுக்கும் கூரை கிடையாது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

பண்டிதர் முனகிக்கொண்டே செம்பி எதிரில் உட்கார்ந்தார். அரைக்கால் எவ்வளவு என்று கேட்டார். முக்கால் என்றாள். எப்படி என்று அதட்டினார்.

"அரையும் காலும் சேந்தா முக்கால்தானே ஐயா?"

பண்டிதர் சுழி போட்டாரே தவிர, எப்படி என்று அதுவரை கேட்டதில்லை. மடியிலிருந்த பாக்கை நாலாக வெட்டினார். அதில் ஒரு துண்டைப் பாதியாக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"காலில் அரை, தாயே. அதுதான் அரைக்கால்."

அப்புறம் செம்பி கணக்கில் பிசகவே இல்லை. மாலை விழுந்தது மந்திரி கழுத்தில். பிள்ளையைத் தேற்றியவர் ஏகாம்பரப் பண்டிதர்.