சிவக்காத தட்டு

“எவனோ ஒருத்தன் என் கடலைச் செடியைப் பட்டினி போட்டுக் கொல்றான், டாக்டரம்மா!”

ஐம்பது வயதுக்கு மேல் பாடம் கேட்க வந்த சடையாண்டி, ஆய்வுக்கூடத்துக்குள் செருப்போடு நுழைந்தார். வேர்களை ஆராயும் ஆக்னஸ் அவரைவிட இளையவர்.

“செருப்பு,” என்றார் ஆக்னஸ்.

கழற்றினார்.

“வயல் முழுக்க மஞ்சள். இரும்புச் சத்து ஏறலைன்னீங்க. லேத் பட்டறையில அடிச்சுப் பேசி இரும்புத் தூள் வாங்கிக் கொட்டினேன். இன்னும் மஞ்சள். அப்போ விதைதானே சொத்தை? நேத்து சந்தையில விதைக்கடை காதர் மைதீன் சட்டையைப் பிடிச்சுட்டேன்.”

ஆக்னஸ் இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் இரும்பும் சாய மருந்தும் கலந்த கடல்பாசி ஜெல்லி. அதில் பதிந்த கடலை நாற்றின் வேர்.

ஒரு தட்டில் வேரைச் சுற்றிச் சிவந்திருந்தது.

“சிவப்பு எங்க இருக்குண்ணே?”

“வேருக்கு வெளியே.”

“மண்ணுல கிடக்கிற இரும்பு அப்படியே உள்ள நுழையாது. வேர் தன்னோட செல் சவ்வு வழியா ஒரு எலக்ட்ரானை வெளியே நீட்டும். இரும்பு அதை வாங்கிக்கிட்டா ஜெல்லி சிவக்கும். வாங்கின இரும்புதான் உள்ள வர முடியும்.”

“வாங்கப் போனவன் முதல்ல கொடுக்கணுமா?”

“ஆமா.”

“வாங்கிக்கிட்டு இரும்பு வேற பக்கம் போயிட்டா?”

“போகும். சில நேரம்.”

“இது என்ன வியாபாரம்!”

“கடலையைத்தான் கேக்கணும்.”

மற்றொரு தட்டில் சிவப்பே இல்லை.

“இந்த வேர் மட்டும் ஏன் கொடுக்கலை? கஞ்சப்பய வேரா?”

“ரெண்டும் நீங்க கொண்டுவந்த விதைதான். காதர் மைதீன் கடை விதை. இதுல கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தேன். அது இருந்தா வேரால கொடுக்க முடியாது. உங்க வயல்ல சுண்ணாம்பு போட்டது யாரு?”

சடையாண்டி தட்டையே பார்த்தார். வெல்டிங் பட்டறையில் கார்பைடு கல்லிலிருந்து வாயு எடுத்தபின் மிஞ்சியது என்று சும்மா கொடுத்த சுண்ணாம்புக் கழிவு. சும்மா வருவதை விடுவானேன் என்று வண்டி வண்டியாக அடித்து வயல் முழுக்க இறைத்தவர் அவர்தான்.

“செடி பிழைக்குமா?”

“அன்னபேதின்னு இரும்பு உப்பு இருக்கு, அதைக் கரைச்சு இலையில தெளிங்க. பச்சை திரும்பும்.”

“காதர் மைதீன்?”

ஆக்னஸ் சிவக்காத தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

“கோவம் ஆறினா அவரா வருவாரு. இல்ல?”

ஆக்னஸ் சிவந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

சடையாண்டி மேசையில் ஓங்கி அடித்தார்.

“அந்தச் சுண்ணாம்பு கொட்டின தடியன் இப்பவே சந்தைக்குப் போகணும்! அத்தனை பேர் முன்னாடியும் காதர் மைதீன் கிட்ட மன்னிப்புக் கேக்கணும்! அவரு ஏத்துக்கிட்டாலும் சரி, காறித் துப்பினாலும் சரி!”