இடது பக்கத் தழும்பு

"எனக்கே ஒண்ணும் செய்யல. அவளுக்கு என்ன செஞ்சிரப் போகுது?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மகள் வயதுள்ள சித்த மருத்துவர் கோமதியிடம் மருந்து செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர். வந்து ஒரு வருஷம். கை பழகிவிட்டது. அவசரம்தான் போகவில்லை.

இருவருக்கும் நடுவில் ஒரு பீங்கான் ஜாடி. சீந்தில் கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு, நாற்பது நாள் மூடிப் புளிக்க வைத்த அரிஷ்டம். அடிக்கடி சளி, காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளும் தங்கை செண்பகத்துக்காக அவரே செய்தது.

"தீக்குச்சி காட்டினீங்களா அண்ணாச்சி?"

"காட்டினேன். அணையாம எரிஞ்சுது. புளிச்சுப் பொங்கினதெல்லாம் அடங்கிட்டு."

கோமதி குனிந்து மோந்தார்.

"நல்லா வந்திருக்கு."

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்தது.

"ரெண்டு வாரமா நானே குடிக்கேன் டாக்டரம்மா. பசி எடுக்கு. ஒரு தும்மல் கிடையாது. எதிர்ப்புச் சக்தி அப்படி ஏறியிருக்கு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே அவளுக்குக் கொண்டுபோயிருவேன்."

"சட்டையத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்க. நான் என்ன மாப்பிள்ளையா பாக்கேன்?"

தூக்கினார். இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு.

"இங்க இருந்தது எங்க?"

"தெரியாத மாதிரி கேக்கீங்களே. செண்பகத்துக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டு. ஒண்ணு நான் குடுத்தேன். மூணு வருஷமாச்சு."

"அவங்களுக்கு அது யாரோடது?"

"அண்ணனோடது."

"அவங்க உடம்புக்கு?"

ஆவுடையப்பன் சற்று யோசித்தார்.

"வேத்தாள்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. உடம்பு அதை வெளிய தள்ளப் பாக்குமாம். அதுக்குத்தான் காலையிலயும் ராத்திரியும் மாத்திரை. ஆயுசுக்கும்."

"மாத்திரை என்ன செய்யுது?"

"எதிர்ப்பை அடக்கி..."

பாதியில் நின்றது.

கோமதி ஜாடியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"தாராளமாக் கொண்டுபோங்க அண்ணாச்சி. யாரை எதிர்க்கணும், யாரை எதிர்க்கக் கூடாதுன்னு மட்டும் இதுகிட்ட சொல்லி அனுப்புங்க."

ஆவுடையப்பன் சட்டையை இறக்கித் தழும்பை மூடினார்.

பிறகு ஜாடியை மூடினார்.