திரும்பி வந்த கவர்

ஆஸ்பத்திரி ஆயா தங்கபுஷ்பம் நாற்பத்தைந்து வயதில், பல்கலைக்கழகத்தின் நோயாளிப் பராமரிப்புச் சான்றிதழ் படிப்பில் சேரப் போனாள்.

“பள்ளிக்கூட டி.சி. எங்க?” என்றார் பிரிவு அதிகாரி.

“வெள்ளத்துல போயிருச்சு சார். நகல் வாங்கலாம்னா, பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க.”

“அப்ப, மூடிட்டதா அந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்தே எழுத்துல வாங்கிட்டு வா. சேத்துக்கறேன்.”

மூடின பள்ளிக்கூடம் எப்படி எழுதும்? அந்தக் கவலை அவருக்கு இல்லை.

பத்தாம் நாள் தங்கபுஷ்பம் ஒரு கவரை நீட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு அவளே அனுப்பிய பதிவுத் தபால். மேலே தபால்காரர் எழுதியிருந்தார்: ‘பள்ளி மூடப்பட்டுவிட்டது. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.’

“பள்ளிக்கூட வாசல்லேர்ந்து வந்த எழுத்து சார். அரசாங்க முத்திரையும் இருக்கு.”

அதிகாரி கவரைப் பிரித்தார். உள்ளே ஒரே வரி: ‘டீச்சர், நான் மறுபடியும் படிக்கப் போறேன்.’

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

“கவர் ஃபைல்ல இருக்கட்டும்மா. கடுதாசிய நீங்க வச்சுக்கங்க. டீச்சரை எங்கயாவது பாத்தா குடுக்கணும்ல?”