தளபதி கேட்ட தேங்காய்ப்பால்

முன்னொரு காலத்தில் மாங்குளம் சீமையைப் பூவராகவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் யார் உரக்கக் கத்தினாலும் அதுதான் மொத்த நாட்டின் குரல் என்று நம்பிவிடுவான். என்ன செய்ய!

அவன் சீமைக்கும் பக்கத்து ராஜாவின் சீமைக்கும் நடுவில் கரைப்பட்டி என்று ஓர் ஊர். தேர்த் திருவிழாவில் இரண்டு ராஜாக்களும் அங்கே பந்தல் போட்டு விருந்து வைப்பார்கள். எந்தப் பந்தலில் கூட்டம் அதிகமோ, அந்த ராஜாவுக்குத்தான் அந்த வருஷம் ஊர். கொஞ்ச காலமாகவே பூவராகவர்மன் பந்தலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே என்ன சமைப்பது என்று முடிவு செய்வது அரண்மனை ருசிச்சபை. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் விடியுமுன் எழுந்து வருகிறவர்கள் காரப் பைத்தியங்கள் மட்டும்தான். அவர்களுக்குத் தலைவர் தளபதி வீரபாகு. மந்திரி கார்மேகத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

சமையற்காரி செண்பகம் குழம்பு வைத்தாள். வீரபாகு நக்கிப் பார்த்தார்.

"சே, காரமே இல்லை! நீ எதிரி ராஜாவின் ஆளா?"

பாவம், அவள் மிளகாயைக் கூட்டினாள். "இன்னும்!" என்றது சபை. இன்னும் கூட்டினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, "ஆகா, இதுதான் நம் நாட்டுக் குழம்பு!" என்று ஆர்ப்பரித்தார்கள்.

"மகாராஜா, இதைக் கொண்டுபோனால் இந்த வருஷமும் ஊர் போச்சு," என்றார் கார்மேகம்.

"பார்த்தீர்களா! மந்திரிக்கு நாட்டுப்பற்றே கிடையாது," என்று எகிறினார் வீரபாகு.

ராஜா முறைத்தான். "கரைப்பட்டி போனால் உமது பதவியும் போகும், மந்திரியாரே!"

"ஆகட்டும். சபையே முடிவு செய்யட்டும். ஆனால் நாளைக்கு ஒவ்வொருவரும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் ஆளைக் கூட்டி வரட்டும். அந்த ஆள் இலையைக் காலி செய்தால்தான் கூட்டி வந்தவருக்குச் சபையில் இடம்."

"இவ்வளவுதானா!" என்று மீசையை முறுக்கினார் வீரபாகு.

மறுநாள் தன் மனைவி கோமளத்தையே கூட்டி வந்தார். ஒரு வாய் வைத்தாள், அவ்வளவுதான். "இதைத் தின்ன நான் என்ன பாவம் செய்தேன்? வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்கிறேன்!" பந்தி முழுக்க வந்தவர்கள் உஸ் உஸ்ஸென்று வாயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

வீரபாகு மெல்ல நழுவி மடைப்பள்ளிக்கு ஓடினார்.

"செண்பகம், தாயே! கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றம்மா. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வரிசையில் நில்லுங்கள், தளபதியாரே. உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறது," என்றாள் அவள். பார்த்தால், மொத்தச் சபையும் அங்கேதான் கிண்ணமும் கையுமாக நின்றது! வாசலில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இந்தச் சபையையே கலைத்துவிடுகிறேன்!"

"ஐயோ, வேண்டாம் மகாராஜா," என்று பதறினார் கார்மேகம். "விடியுமுன் எழுந்து வருவதும் இவர்கள்தான், பந்தக்கால் நடுவதும் இவர்கள்தான். இவர்கள் இல்லையென்றால் அடுப்பே எரியாது. பந்தியில் உட்காரப்போவது வேறு ஆட்கள் என்பது மட்டும் இவர்களுக்கு நினைவிருந்தால் போதும்."

திருவிழாவில் கரைப்பட்டியே திரண்டு வந்து பூவராகவர்மன் பந்தலில் உட்கார்ந்தது. செண்பகத்துக்குத் தங்கக் காப்பு, மந்திரிக்குப் பட்டுச் சால்வை. வீரபாகுவுக்கோ பந்தி பரிமாறும் வேலை, ஒவ்வோர் இலையிலும் குனிந்து, "காரம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. இலையை மடித்து எழுந்த ஒருவரிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் கீர்த்தியைக் கேட்டுத்தானே வந்தாய்?" என்றான்.

அவர் ஏப்பம் விட்டார். "சாப்பாடு அருமைங்க. ஆமா, நீங்க யாருங்க?"