எண்பத்தோராவது இதழ்

இந்தக் கதையை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒன்பதாம் வாய்ப்பாடு வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். கதையோ முழுக்க ஒன்பதுகளால் ஆனது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொல்கிறேன்.

சீனாவின் வடக்கே உறைந்துபோன ஓர் ஏரி. அதன் கரையில் ஒரு வளை. வளைக்குள் ஒரு முயலும், அதனிடம் ஒண்ட வந்த ஒரு சுண்டெலியும் இருந்தன.

ஆண்டிலேயே பகல் மிகவும் குறுகிய நாளன்று, இரண்டும் சேர்ந்து வாசலை மண்ணாலும் பனியாலும் அடைத்தன. வெளிச்சம் வர ஊசி நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை. பிறகு அந்த ஊர் வழக்கப்படி சுவரில் ஒன்பது பூக்களைக் கீறின. பூவுக்கு ஒன்பது இதழ். தினம் ஓர் இதழுக்குச் சிவப்புப் பூச வேண்டும். எண்பத்தொரு இதழும் சிவந்துவிட்டால் குளிர் போய்விட்டது என்று அர்த்தம். அதுவரை வாசலைத் திறக்கக் கூடாது.

பூசுகிற வேலை எலியுடையது. அதன் வால்தான் தூரிகை. பழச்சாற்றில் நுனியை நனைத்து அழகாக இழுக்கும்.

முயலின் வேலை சாப்பிடுவது! ஒன்பது முள்ளங்கி இருந்தன. துளையில் வெளிச்சம் விழும்போது ஒரு கடி. ஒன்பது கடியில் ஒரு முள்ளங்கி தீரும்.

நாட்கள் போயின. பெருங்குளிர் என்கிற பருவம் வந்தது. ஆண்டிலேயே கொடிய குளிர் அதுதான். அந்த வாரம் பார்த்து முயலுக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. உடம்பில் ஒரு ரோமம் கிடையாது. முயல் அவற்றை அணைத்தபடி அரைத் தூக்கத்தில் கிடந்தது.

வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. எலியும் தூங்கியது. கனவில் ஏரி உருகியது, தினைக்கதிர்கள் தலையாட்டின. விழித்ததும், "அடடா, விடிந்துவிட்டது!" என்று ஓர் இதழ் பூசியது. மறுபடி தூங்கியது. மறுபடி கனவு, மறுபடி விழிப்பு, மறுபடி ஓர் இதழ். துளையில் வெளிச்சம் இருக்கிறதா என்று அது ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

திடீரென்று ஒருநாள் அது குதித்தது. "முயலக்கா! எண்பத்தோராவது இதழ்! வசந்தம் வந்துவிட்டது, எழுந்திரு!"

வளைக்கு வெளியே ஒரு நரி காதைத் தீட்டிக்கொண்டது.

முயல் கண்ணைக் கசக்கியது. சுவர் முழுக்கச் சிவப்பு. "அதற்குள்ளா தம்பி? எனக்கு இன்னும் நாலு முள்ளங்கி முழுசாக மிச்சம் இருக்கிறதே! ஐந்தாவதிலும் நாலு கடிதானே ஆகியிருக்கிறது!"

"பிள்ளை பெற்ற களைப்பில் சாப்பிட மறந்திருப்பாய்!"

"நானா? சாப்பிட மறப்பேனா?"

"வேறென்ன? எப்போது பார்த்தாலும் உனக்குப் பயம்!" எலி வாசல் மண்ணைப் பிறாண்டத் தொடங்கியது. ஊசித் துளை விரல் நுழையும் துளையாயிற்று. சில்லென்று காற்று பாய்ந்தது. குட்டிகள் நடுங்கின.

"வாருங்கள், வாருங்கள்!" என்றது ஒரு குரல் வெளியிலிருந்து. "மரமெல்லாம் பூத்துவிட்டது!"

எலி துளையில் கண்ணை வைத்தது. "அக்கா, பூவேதான்! சிவப்பாக, ஈரமாக, எவ்வளவு பெரிய இதழ்! அதிலிருந்து புகைகூட வருகிறது!"

முயலின் காதுகள் நிமிர்ந்தன. "புகையா? பூ எங்கேயாவது மூச்சு விடுமா, மக்கு? அது நாக்கு! வசந்தத்தில் மூச்சு புகையாது. வெளியே இன்னும் பெருங்குளிர்! தள்ளு!"

ஒரே பாய்ச்சலில் துளையின்மேல் முதுகை வைத்து அழுத்தியது. நரியின் நகம் ஒரு பிடி ரோமத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. முயல் அசையவில்லை. எலி அழுதுகொண்டே மண் குழைத்தது. முயல் தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கி அதில் கலந்தது. இரண்டுமாகத் துளையை அடைத்து முடித்தன. பழையபடி ஊசி அளவு மட்டும் விட்டன. வெகுநேரம் காத்திருந்த நரி, மீசையில் பனி உறைந்ததும் முனகிக்கொண்டே போய்விட்டது.

பிறகு முயல் தன் கடிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தது. நாற்பது. நாற்பது இதழை விட்டுவிட்டு மீதி நாற்பத்தொன்றையும் மண்ணால் பூசி மறைத்தது.

அதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து எலியின் வாலைத் தன் முன்னங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கியது. துளையில் வெளிச்சம் விழுந்து, தான் ஒரு கடி கடித்த பிறகுதான் அந்த வாலை விட்டது.

ஆசைப்பட்ட வேகத்தில் நாட்களை எண்ணுகிறவன், தன் வாசலைத் தானே பகைவனுக்குத் திறந்து கொடுக்கிறான்.