அதிகாரி போட்டுக் கொடுத்த டிக்கெட்

வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிற கொம்பையா, தாய்மாமன் மடியில் அக்கா மகளுக்குக் காது குத்த வேண்டும் என்பதற்காகக் கடல் தாண்டி ஒரு தீவு நாட்டில் போய் இறங்கினான். விடிந்தால் விசேஷம்.

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி மீசையை நீவினார். அவருக்குத் தமிழ் தெரியும்; இரக்கம்தான் தெரியாது.

"திரும்பிப் போக டிக்கெட் எங்கே?"

"கூப்பிட்டவங்கதானே ஐயா வழியனுப்பணும்? நானே டிக்கெட்டோட போனா அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடும்."

"நீ திரும்பிப் போவேங்கிறதுக்கு அத்தாட்சி இல்லாம உள்ளே விடமாட்டேன்! அடுத்த விமானத்திலேயே உன்னை ஏத்தி அனுப்புறேன்!" வரிசை மொத்தமும் கேட்கக் கத்தியவர், அங்கேயே டிக்கெட் போட்டு மேஜையில் அறைந்தார்.

கொம்பையா எடுத்துப் பார்த்தான். அடுத்த விமானம் நாளைச் சாயங்காலம்தான். டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவரிடமே நீட்டினான்.

"இந்தாங்க ஐயா, நீங்க கேட்ட அத்தாட்சி. இப்ப உள்ளே விடுங்க."

வரிசை கொல்லென்று சிரித்தது. அதிகாரி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; அவர் போட்டதேதான். வேறு வழியில்லாமல் முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் காதுகுத்து முடித்துச் சாயங்காலம் விமான நிலையத்தில் வந்து நின்ற கொம்பையா, அதே அதிகாரியிடம் தாம்பூலப் பையை நீட்டினான்.

"எனக்கு எதுக்கு?"

"கூப்பிட்டது அக்கா. வழியனுப்புறது நீங்கதானே, ஐயா!"